‘பார்த்துக்கோ’ என்றால் முடிவெடு என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு 34 வயது. இராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். கணவர் ஆறு வருடமாகக் குவைத்தில் கட்டட வேலை செய்கிறார். எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. மாமனார் காலமாகி நான்கு வருடம் ஆகிறது, பட்டா இன்னும் அவர் பெயரில்தான். பங்கு வாய்வார்த்தையாகப் பிரித்ததுதான். இரண்டு பிள்ளைகள். மாமியார் என்னோடு இருக்கிறார், மூத்தார் அடுத்த தெருவில். நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தாயிற்று. விதைப்பிலிருந்து அறுப்பு வரை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். எதைக் கேட்டாலும் கணவர் “நீ பார்த்துக்கோ” என்பார். செய்து முடித்தபின் “யாரைக் கேட்டுச் செஞ்சே?” என்பார். போன வருடம் விதைநெல் ரகத்தை மாற்றியதற்குப் பத்து நாள் பேசவில்லை. அவர் அனுப்பும் பணம் என் கணக்குக்கு வருகிறது, கார்டு மாமியாரிடம் இருக்கிறது. ஒரு ஏக்கர் முழுக்கச் சீமைக்கருவேலம். அழித்துவிட்டு முண்டு மிளகாய் போடலாம் என்றால் “அண்ணனைக் கேளு” என்கிறார். இப்போது பக்கத்து அரை ஏக்கர் விலைக்கு வருகிறது. “தம்பி வெளிநாட்டில இருக்கான், என் பேர்ல எழுதிக்குவோம்” என்கிறார் மூத்தார். பணம் என் கணவருடையது. நான் என்ன செய்யட்டும்? இன்னொரு சின்னக் கேள்வி: மருந்தடிக்கும் தெளிப்பான் கணவர் வாங்கி வைத்தது, என்னால் தூக்க முடியவில்லை. அதை மாற்றவும் கேட்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கருவேலம், கார்டு, அரை ஏக்கர் என்று பல விஷயம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் வந்து முட்டுவது ‘பார்த்துக்கோ’ என்ற அந்த ஒரு சொல்லில்தான். அம்மாவைப் பார்த்துக்கோ, பிள்ளைகளைப் பார்த்துக்கோ, மாட்டைப் பார்த்துக்கோ, வயலைப் பார்த்துக்கோ. ஊருக்குக் கிளம்புகிறவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்டுக்கொண்டவருக்குப் பொறுப்பு வந்துவிடும், அதிகாரம் வராது. மாடு செத்துப்போனால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மாட்டை விற்க வேண்டுமென்றால் அவரைக் கேட்க வேண்டும்.

நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். டென்மார்க் அரசின் டானிடா என்ற உதவி அமைப்பின் துணையோடு 1986இல் நம் மாநிலத்தில் ‘தான்வா’ என்று பண்ணை மகளிருக்கான பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். அதில் சில வருடம் வேலை பார்த்தேன். முட்டை மிதக்கும் பதத்துக்கு உப்புக் கரைத்து அதில் விதைநெல்லைக் கொட்டிப் பொக்கை அரித்தெடுப்பது, அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தில் விதைநேர்த்தி செய்வது, மண் மாதிரி எடுப்பது என்று ஊருக்குள்ளேயே பாயை விரித்துச் சொல்லிக் கொடுப்போம். கையால் செய்கிற வேலையைப் பெண்கள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். “இந்த வருசம் இப்படிச் செய்வீங்களா?” என்று கேட்டால்தான் பதில் வராது. “அவுகளைக் கேக்கணும்.”

இன்னொரு ஊரில் ஒரு கணக்கெடுப்புக்காகப் போனபோது நடந்தது இப்போதும் என்னை உறுத்துகிறது. அந்தப் பெண்ணின் கணவர் சிங்கப்பூர் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. எந்தச் செய்யில் எத்தனை மரக்கால் விதை, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார். படிவத்தில் ‘சாகுபடியாளர் பெயர்’ என்ற கட்டம் வந்தது. நான் கணவர் பெயரைக் கேட்டேன். அவர் தன் வாயால் சொல்லவில்லை. விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு, “அப்பா பேரை டீச்சர்கிட்டச் சொல்லு” என்றார். பையன் சொன்னான், நான் எழுதிக்கொண்டேன். அந்த நிலத்தில் மூன்று வருடமாகக் கால் வைக்காத ஒருவரைச் சாகுபடியாளர் என்று எழுதியது என் கைதான். எதிரில் சேற்றுக்காலோடு நின்றவர் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. நானும் பெண், அதுவும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கணவர் கெட்டவர் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தப் பழக்கம் எல்லோர் கையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் பெண்கள் பெயரில் இருந்த சாகுபடிப் பண்ணைகள் சுமார் 14 விழுக்காடுதான். வயலில் நிற்பவர்களை எண்ணினால் இந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும். நிலம் யார் பெயரில் இருந்தாலும் உழைக்கிற பெண்ணுக்கு ‘விவசாயி’ என்று சான்று கொடுக்க வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது விவாதத்துக்கே வராமல் காலாவதி ஆனது. அது சட்டமாகியிருந்தால் உங்கள் கடிதத்தில் பாதி குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அரை ஏக்கர். மற்ற எல்லாம் ஆறு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

வெளிநாட்டில் வேலை பார்த்து அங்கேயே தங்கியிருப்பவர் இந்தியாவில் வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் வந்த விதி அது. முன்பே வைத்திருந்த நிலமும் வாரிசாக வருகிற நிலமும் அவரிடம் இருக்கலாம், விலைக்கு வாங்கத்தான் தடை. ஆகவே மூத்தார் சொன்னதில் பாதி சரி, தம்பி பெயரில் எழுத முடியாதுதான். ஆனால் அதிலிருந்து ‘என் பெயரில் எழுது’ என்று எப்படித் தாவினார்? இந்தியாவிலேயே இருக்கும் மனைவி நீங்கள் இருக்கிறீர்களே. கணவர் தன் கணக்கில் வந்த வருமானத்தில் மனைவி பெயரில் சொத்து வாங்குவதற்குப் பினாமிச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. தம்பி பணத்தில் அண்ணன் பெயரில் மட்டும் எழுதினால் அந்த விலக்கு பொருந்தாது. பத்து வருடம் கழித்து மனக்கசப்பு வந்து, “அது என் பணம்” என்று உங்கள் கணவர் கோர்ட்டுக்குப் போனாலும் அந்த வழக்கு நிற்காது. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கணவரிடம் பேசும்போது இந்தப் பிள்ளைகள் கதையையெல்லாம் எடுக்காதீர்கள். “உங்க அண்ணன் ஏமாத்திடுவார்” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அவர் அண்ணனுக்காக வழக்காட ஆரம்பித்துவிடுவார். “உங்க பேர்ல எழுதச் சட்டம் விடலை, என் பேர்லதான் சட்டப்படி எழுத முடியும், பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ நீங்களே கேட்டுப் பாருங்க” என்று மட்டும் சொல்லுங்கள். பணம் ரொக்கமாகக் கைமாற வேண்டாம். அவர் கணக்கிலிருந்து உங்களுக்கு, உங்கள் கணக்கிலிருந்து விற்பவருக்கு என்று தடம் இருக்கட்டும். பெண்கள் பெயரில் பதியும் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லுங்கள். சில கணவன்மார்களுக்கு மனைவியின் உரிமையைவிடக் கட்டணக் குறைப்பு சீக்கிரம் புரியும். முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க மறக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி ஊரில் இருந்தார். சொத்துகள் மனைவி பெயரில் வாங்கப்பட்டன. கணவர் திரும்பி வந்தபின், “எல்லாம் என் பணம், அவள் எனக்காக வைத்திருந்தவள்தான்” என்றார். வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் மனைவியின் உழைப்பும் இருக்கிறது, சொத்தில் பங்கு உண்டு என்றது நீதிமன்றம். ‘பார்த்துக்கொண்டதற்கு’ ஒரு விலை உண்டு என்று கோர்ட்டே சொன்ன இடம் இது. அதை நம்பி வழக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் மனதுக்குள், “இது அவர் பணம், நான் யார் கேட்க” என்று ஒரு குரல் இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. அந்தக் குரலுக்காகச் சொல்கிறேன்.

அடுத்து மூன்று ஏக்கர். உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். பட்டா மாமனார் பெயரில் இருக்கிற வரை அந்த நிலத்தில் ‘எங்கள் பங்கு’ என்பது பேச்சுதான். அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொந்தமாகச் சம்பாதித்த நிலத்தில் மாமியார், மூத்தார், உங்கள் கணவர், நாத்தனார் நால்வருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தென்றால் கணக்கு மாறும், வக்கீலிடம் காட்ட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தாயிற்று என்பதால் அவர் பங்கு போய்விடாது. கணவர் இருக்கும்போது மருமகளான உங்களுக்கு நேரடியாக எதுவும் இல்லை. அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களில் நிலத்தில் உரிமை உள்ளவர் உங்கள் அத்தைதான். கார்டை அவர் வைத்திருப்பது உங்களை எரிச்சல்படுத்துகிறது, நியாயம்தான். ஆனாலும் அவரை எதிர்த்தரப்பில் தள்ளிவிடாதீர்கள். நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது அவர் யார் பக்கம் உட்காருகிறார் என்பதுதான் முக்கியமாகப் போகிறது.

ஆகவே ‘அண்ணனைக் கேளு’ என்று உங்கள் கணவர் சொன்னதில் ஒரு பொருள் இருக்கிறது. அவர் அதை மரியாதைக்காகச் சொல்லியிருக்கலாம், பயத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் பிரிக்காத நிலத்தில் செலவு செய்து மேம்படுத்தினால் அது நாலு பேருக்கும் மேம்பட்டதாகிவிடும். கருவேலத்தை அழித்து நீங்கள் மண்ணைப் பொன்னாக்கியபின், “அந்தப் பக்கம்தான் என் பங்கு” என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்?

அதற்காகக் கருவேலத்தை அப்படியே விடச் சொல்லவில்லை. உங்கள் யோசனை நல்ல யோசனை. முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, உங்கள் மண்ணுக்கே உரிய பயிர். செலவை மட்டும் உங்கள் மடியிலிருந்து எடுக்காதீர்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் உங்கள் பக்கம் நிறைய. மரத்துக்கு விலை கொடுத்து அவர்களே வெட்டிக்கொள்வார்கள். வெட்டுவார்களே தவிர வேரை விட்டுவிடுவார்கள், அடுத்த மழைக்கு நாலு கிளையாகத் துளிர்த்து நிற்கும். மரம் விற்ற காசை அப்படியே ஒதுக்கி வேரைத் தோண்ட இயந்திரத்துக்குக் கொடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியிலேயே பதியலாம். முதல் வருடம் அந்தக் கருவேல ஏக்கரில் பாதி மட்டும் போதும். தண்ணீர் தேங்காமல் வடிகால் இருக்கிற பக்கமாகப் பாருங்கள். நின்ற தண்ணீரை மிளகாய் தாங்காது என்பது உங்களுக்கே தெரியும்.

கரிக்காரர் விலை பேச வரும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். அவர் இயல்பாகவே மூத்தாரைத் தேடிப் போவார், “ஆம்பளை யாரும் இல்லையா?” என்பார். மூத்தாரும் இருக்கட்டும், கூப்பிட்டே வையுங்கள். ஆனால் விலையை முதலில் சொல்கிற வாய் உங்களுடையதாகவும், பணத்தை எண்ணி வாங்குகிற கை உங்களுடையதாகவும் இருக்கட்டும். எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன், வியாபாரி ஒருமுறை யார் கையில் பணத்தைக் கொடுத்தாரோ அடுத்த முறை அவரைத் தேடித்தான் வருவார். மூத்தாரிடம் “செய்யலாமா?” என்று கேட்பதற்குப் பதில், “புரட்டாசிக்குள் வெட்டிவிட வேண்டும், மரக்காசு இயந்திரத்துக்குச் சரியாகப் போய்விடும், நீங்களும் வந்து நில்லுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். மரியாதையும் குறையாது, கேள்வியும் இராது.

கணவரோடு பேசுகிற முறையையும் மாற்ற வேண்டும். இப்போது எப்படி நடக்கிறது என்று நான் சொல்லட்டுமா? இரவு பத்து மணிக்கு மேல் அவர் கூப்பிடுவார். அங்கே ஏழரை, எட்டு. வெயிலில் நின்றுவிட்டு அறைக்கு வந்து, சமைக்க முறை வைத்துக்கொண்டு காத்திருக்கிற நேரம். நீங்கள் பிள்ளை காய்ச்சல், மோட்டார் ரிப்பேர், களை, கூலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வீர்கள். அவர் “பார்த்துக்கோ” என்பார். அது சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். அவரைப் பொறுத்தவரை அது ‘இப்போது விடு’ என்பதுதான். பிறகு அண்ணனோ ஊர்க்காரரோ போனில், “உன் வீட்டுல விதையை மாத்திட்டாங்களாமே” என்று கேட்பார்கள். தன் வீட்டுச் செய்தி தனக்கு மூன்றாவது ஆள் வழியாக வருகிறதே என்ற குத்தல். பத்து நாள் பேசாமல் இருந்தது விதைக்காக இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

குவைத்தில் வெள்ளி விடுமுறை. வயல் பேச்சை வெள்ளிக்கிழமைக்கு வையுங்கள், மற்ற நாளில் பிள்ளைகள் பேசட்டும். அதற்கு முந்தின நாளே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பிவிடுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்று மட்டும் அதில் இருக்க வேண்டும். “பத்தாம் தேதிக்குள்ள விதைக்கணும். போன வருசம் போட்ட அதே ரகம்தான் போடறேன், ஏன்னா கடைசி மழை வரலைன்னாலும் அது தாங்குச்சு. வேற யோசனை இருந்தா வெள்ளிக்கிழமை சொல்லுங்க, இல்லேன்னா சனிக்கிழமை விதைச்சிடுவேன்.” இதில் அனுமதி கேட்கும் தொனி இல்லை, அதே சமயம் அவரைத் தாண்டிப் போனதாகவும் இல்லை. அவர் மறுத்துப் பேசினால் கேளுங்கள், சில சமயம் அவர் சொல்வதும் சரியாக இருக்கும். பதிவு போனிலேயே கிடக்கும் என்பதால் “யாரைக் கேட்டுச் செஞ்சே?” என்ற கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது.

பணத்துக்கு ஒரு வரம்பு பேசிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஐயாயிரம் ரூபாய் வரை கேட்க வேண்டியதில்லை, கணக்கு மட்டும் எழுதி வைப்பேன். அதற்கு மேலே இருபத்தைந்தாயிரம் வரை சொல்லிவிட்டுச் செய்வேன். அதைத் தாண்டினால் இருவரும் சேர்ந்துதான். நிலம் விற்பது, அடமானம் வைப்பது, நகை எதுவானாலும் தொகை என்னவாக இருந்தாலும் இருவரும் சேர்ந்துதான். தொகையை நீங்களே உங்கள் வீட்டுக்குத் தக்கபடி வையுங்கள். இப்படி ஒரு கோடு போட்டால் அவருக்கும் நிம்மதி. எந்தச் செய்தி தன்னைத் தாண்டிப் போகாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நகையைப் பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் சீதனம், சட்டப்படி உங்களுக்கு மட்டுமே சொந்தம். உரத்துக்கு அடகு வைக்க நேர்ந்தால் கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும், ரசீது உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

கார்டு விஷயத்தில் சண்டை போடாதீர்கள். அத்தையிடம், “அங்க இயந்திரத்துக்குப் பணம் அன்னன்னைக்குக் கொடுக்கணும், நான் எடுத்துட்டு வந்து உங்ககிட்டக் கணக்குச் சொல்றேன்” என்று ஒரு வேலையைக் காரணமாக வைத்து வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் தானாகத் தள்ளிப்போகும். கணக்குச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாமனாருக்குப் பின் அந்த வீட்டில் அவர் பிடியில் மிச்சம் இருந்தது அந்தக் கார்டு ஒன்றுதானோ என்னவோ. சோனால்டே தேசாய், மஞ்சிஷ்டா பானர்ஜி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஒரு கட்டுரை நினைவுக்கு வருகிறது. கணவர் வெளியூர் போனபின் தனிக்குடித்தனமாக இருக்கும் பெண்களுக்குப் பொறுப்போடு சுதந்திரமும் கூடுகிறது, புகுந்த வீட்டாரோடு இருப்பவர்களுக்கு அப்படிக் கூடுவதில்லை என்று கண்டார்கள். ஆனால் தனிக்குடித்தனம் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் வயலில் இருக்கும்போது உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார்?

அவர் அடுத்த விடுமுறைக்கு எப்போது வருகிறார் என்று எழுதவில்லை. எப்போது வந்தாலும் முதல் பத்து நாளைக் காகித வேலைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள், கல்யாணம், காதுகுத்து எல்லாம் அப்புறம். மாமனாரின் வாரிசுச் சான்றுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால் அவர் வரும்போது அது கையில் இருக்கும். பிறகு நால்வர் பெயருக்கும் பட்டா மாறுதல், அதன்பின் உட்கார்ந்து பேசிப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு. அந்த விடுமுறையில் முடியாவிட்டால், குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் உங்களுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரலாம். பாகப்பிரிவினையில் கையெழுத்திடுவது, பயிர்க்கடன், காப்பீடு, மின் இணைப்பு என்று எழுதி, விற்கும் அதிகாரம் இல்லை என்றும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். ‘பவர்’ என்றாலே மிரளுகிற கணவரும் அந்த வரியைப் பார்த்தால் கையெழுத்துப் போடுவார். ஊருக்கு வராமலே குவைத்தில் இந்தியத் தூதரகத்திலும் எழுதி அனுப்பலாம். பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்று ஒரே ஒரு காட்சியைச் சொன்னால் புரியும். விவசாயிகள் பதிவு முகாமில் காலை பதினொரு மணிக்கு வரிசையில் நிற்கிறீர்கள். ஆதாரில் இருப்பது கணவரின் போன் எண், ஓடிபி அங்கே போகிறது. குவைத்தில் அப்போது எட்டரை. அவர் சாரத்தின் மேல் நிற்கிறார், போன் கீழே பையில் கிடக்கிறது. நீங்கள் நாலு முறை கூப்பிடுகிறீர்கள், எண் காலாவதியாகிறது, கணினியில் இருப்பவர் “அடுத்தவங்க வாங்க” என்கிறார். விதைத்தது நீங்கள், களையெடுத்தது நீங்கள், கடைசியில் நீங்கள் யார் என்று கேட்கிறது திரை. ஆகவே எதையெல்லாம் உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமோ அதையெல்லாம் மாற்றுங்கள். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நீங்களும் உறுப்பினர் ஆகுங்கள். தவணைக்குள் கட்டினால் அங்கே பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு, மிளகாய்க்கு ஐந்து விழுக்காடு பிரீமியம். யார் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பதிகிறீர்களோ அங்கேதான் இழப்பீடு போகும், பதியும்போதே கவனியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முடிவெடுக்கும் உரிமை வந்தால் வேலையும் கூடவே வரும். மூன்று ஏக்கர், இரண்டு பிள்ளை, ஒரு மாமியார், இப்போது கருவேலம், அரை ஏக்கர் வேறு. எதையாவது விட வேண்டும். ஒரு துண்டைக் குத்தகைக்கு விடுவதும், ஒரு போகம் சும்மா போடுவதும்கூட விவசாயி எடுக்கிற முடிவுதான். “பொம்பளையால முடியலை, விட்டுட்டா” என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் யாரும் உங்கள் வயலில் களையெடுக்க வரப்போவதில்லை.

தெளிப்பானுக்கு வருகிறேன். பதினாறு லிட்டர் டேங்க் என்று நினைக்கிறேன். தண்ணீரே பதினாறு கிலோ, அதோடு தெளிப்பானின் எடை, போதாததற்கு ஒரு கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அது உங்கள் கணவர் தோளுக்கு வாங்கியது. பத்துப் பன்னிரண்டு லிட்டரில் பேட்டரித் தெளிப்பான் கிடைக்கிறது, கையால் அடிக்கிற வேலையும் இல்லை. கடைக்குப் போய், தூக்கிவிட ஆளில்லாமல் ஒருமுறை தண்ணீர் நிரப்பித் தோளில் மாட்டி நாலு தப்படி நடந்து பார்த்துவிட்டு வாங்குங்கள், வார் அகலமாக இருக்கட்டும். அதுவரை பழையதில் பாதி டேங்க் மட்டும் நிரப்புங்கள், மருந்தளவையும் பாதியாக்க மறக்காதீர்கள். இதை யாரையும் கேட்க வேண்டாம்.